கேரவன் வண்டியும் திருடனும்: நகரும் வீட்டைக் காத்த வரலாறு

கேரவன் என்பது காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படும் நகரும் வீடு. உள்ளே படுக்கை, சமையல் மேடை, சிறு கழிப்பறை ஆகியவை இருக்கும். இதே வசதிகள் எஞ்சினும் ஓட்டுநர் இருக்கையும் கொண்ட ஒரே வண்டிக்குள் அமைந்தால் அதை மோட்டார்ஹோம் என்பர். தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளிர்சாதன வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஐரோப்பாவில் அது நடுத்தரக் குடும்பங்களின் விடுமுறை வாகனம்.

வீட்டில் உள்ளதைத் திருடலாம். வீட்டையே திருடிச் செல்ல இயலாது. கேரவன் விஷயத்தில் இரண்டும் நடக்கும். பயணத்தின்போது வண்டிக்குள் இருக்கும் கடவுச்சீட்டு, பணம், கேமரா முதலியன களவு போவது ஒருவகை. வண்டியே முழுதாகக் காணாமற்போவது இன்னொரு வகை. இவ்விரண்டிலிருந்தும் தப்பப் பயணிகள் கையாண்ட வழிகளின் வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது. காரில் பூட்டும் கேரவன் வணிகமுறையில் முதலில் உருவான நாடு பிரிட்டன். அந்த நாட்டுச் சட்டத்தில் இவ்வண்டிக்கென ஒரு வினோதமான இடைவெளியும் இருந்தது. எனவே கட்டுரை பெரும்பாலும் பிரிட்டனைப் பற்றியே பேசுகிறது.

கூட்டமே காவல்

கேரவன் என்ற சொல்லின் மூலம் பாரசீக மொழியின் ‘கார்வான்’. பாலைவனத்தில் ஒன்றாகச் செல்லும் வணிகர் கூட்டத்தை அது குறித்தது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘வேன்’ என்ற சொல்லும் இதன் சுருக்கமே. தமிழில் இதற்கு நேரான பழஞ்சொல் ‘சாத்து’. கோவலனின் தந்தை மாசாத்துவான் என்னும் பெயரில் இச்சொல்லைக் காணலாம். மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துகள் செல்லும் சுங்கப் பெருவழியையும், அவ்வழியை வில்லேந்திய வீரர்கள் காத்ததையும் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. வழிப்போக்கரைத் தாக்கிப் பொருள் பறிப்பவர் இளந்திரையனின் நாட்டில் இல்லை என்பது அந்நூல் அவனுக்குச் சூட்டும் புகழ்ச்சிகளுள் ஒன்று. சாலையில் திருட்டு இல்லை என்பதே அரசனைப் புகழப் போதுமானதாக இருந்த காலம் அது. பிற்காலத்தில் ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுக்கள் தமக்கெனப் படைவீரரை வைத்திருந்தன. எறிவீரபட்டினம் எனப்பட்ட காவலுள்ள வணிகத் தலங்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன.

பகலில் கூட்டம் காத்தது. இரவில் மதில் காத்தது. மேற்காசியா முழுவதும் கட்டப்பட்ட சராய்கள் உயர்ந்த மதிலும், பொதி சுமந்த ஒட்டகம் நுழையும் அளவுக்கு அகன்ற ஒரே வாயிலும் கொண்டவை. துருக்கியில் அக்சராய் நகருக்கு அருகே 1229-இல் எழுப்பப்பட்ட சுல்தான் ஹான் இன்றும் நிற்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் அதைக் கோட்டை என்றே எண்ணுவார். இந்தியாவில் ஷேர்ஷா சூரி (ஆட்சி 1540–1545) பெருவழிகளில் சராய்களைக் கட்டியதோடு, ஓர் ஊரின் எல்லைக்குள் களவு நடந்து திருடன் அகப்படாவிட்டால் அவ்வூர்த் தலைவரே பொறுப்பு என்று ஆணையிட்டார்.

இப்னு பதூதா தம் பயணநூலில் சீன விடுதிகளைப் பற்றிச் சொல்வது இக்கட்டுரைக்கு நேரடியாகப் பொருந்துகிறது. மாலையில் ஓர் அதிகாரி எழுத்தருடன் வந்து தங்கியிருப்போர் பெயரையெல்லாம் எழுதிக்கொண்டு வாயிலைப் பூட்டுவார். காலையில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துச் சரிபார்ப்பார். பின் துணைக்கு ஆள் அனுப்பி அடுத்த விடுதி வரை சேர்ப்பிப்பார். போனவர் நலமாகப் போய்ச் சேர்ந்தார் என்பதற்கு அங்கிருந்து எழுத்துச் சான்று வரவேண்டும். இப்னு பதூதா சீனத்தில் எவ்வளவு தூரம் சென்றார் என்பதில் ஆய்வாளரிடையே ஐயம் உண்டு. இருந்தாலும் பதிவேடு ஒரு காவல் கருவி என்ற எண்ணம் 14-ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாக இருந்ததற்கு இச்செய்தி சான்றாகும்.

தனியே புறப்பட்ட வண்டி

பொழுதுபோக்குக்காகக் கேரவனில் புறப்பட்டவர்களின் நோக்கம் இதற்கு நேர்மாறானது. கூட்டத்தை விட்டு விலகிச் செல்வதற்காகவே அவர்கள் வண்டி கட்டினார்கள்.

1885-இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் பிரிஸ்டல் நகரத் தொழிற்சாலை ஒன்றில் ‘வாண்டரர்’ என்ற பெயரில் ஒரு குதிரை வண்டி கட்டச் செய்தார். இவர் கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவர்களுக்கான சாகசக் கதைகளை எழுதியவர். அந்தக் கோடையில் இங்கிலாந்தின் தெற்கிலுள்ள ட்வைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை அவர் மேற்கொண்ட பயணம் அடுத்த ஆண்டு நூலாக வந்தது. பொழுதுபோக்குக் கேரவனின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடுவது இதையே. பொருளேற்றிய நிலையில் வண்டியின் எடை ஏறத்தாழ 2 டன். இரண்டு குதிரைகள் இழுத்தன. வண்டிக்காரர் ஒருவர், பணியாள் ஒருவர், பெரிய நாய் ஒன்று, கிளியினப் பறவை ஒன்று ஆகியவை உடன் சென்றன. பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே போய் வழி பார்ப்பார்.

இந்த வண்டியைத் திருடுவது எளிதன்று. திருடனுக்கு இரண்டு குதிரைகளும் அவற்றை ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டும். மணிக்குச் சில மைல் வேகத்தில் ஊரே வேடிக்கை பார்க்க அவன் தப்பிச் செல்ல வேண்டும். எடையும் மெதுவான வேகமுமே அக்கால வண்டிக்குப் பாதுகாப்பாக அமைந்தன.

அக்காலப் பிரிட்டனில் கேரவனையும் திருட்டையும் சேர்த்துப் பேசியவர்கள் வேறு திசையில் விரல் நீட்டினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஸ்டேபிள்ஸுக்கு முன்பிருந்தே ரோமானி மக்கள் வண்டிகளில் குடும்பத்தோடு வாழ்ந்து வந்தனர். வண்டியில் வாழ்பவர் திருடர் என்ற ஐயம் சமூகத்தில் ஊறியிருந்தது. 1835-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் சாலையோரம் கூடாரமிடும் ஜிப்சிகளுக்குத் தண்டம் விதித்தது. ஒரே வகை வண்டியில் ஓய்வு பெற்ற கனவான் வந்தால் வரவேற்பும் ரோமானிக் குடும்பம் வந்தால் காவலரும் எதிர்வந்தனர்.

இந்தச் சூழலில்தான் வண்டிகளுக்கு எண் கொடுக்கும் முதல் முயற்சி எழுந்தது. கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித் (1831–1895) சீர்திருத்த எண்ணம் கொண்டவர். செங்கற்சூளைகளில் வேலை செய்த குழந்தைகளுக்காகப் போராடி வென்றவர். கால்வாய்ப் படகுகளில் வாழும் குடும்பங்களைப் பதிவுசெய்யும் 1877-ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் முயற்சியின் பலனே. அதே வழியில், சக்கரத்தின் மேல் உள்ள எல்லா வீடுகளும் பதிவு பெறவேண்டும், அதிகாரிகள் உள்ளே வந்து சோதிக்கவேண்டும், குழந்தைகள் பள்ளிக்குப் போகவேண்டும் என்று கோரும் நகரும் குடியிருப்பு மசோதாவை 1880-களில் அவர் முன்வைத்தார். ஊர் ஊராகச் சென்று பொழுதுபோக்குக் காட்சி நடத்தும் தொழிலாளர்கள் இதை எதிர்த்து 1889-இல் சங்கம் அமைத்தார்கள். இன்றுள்ள ‘ஷோமென்ஸ் கில்டு’ அதன் தொடர்ச்சி. மசோதா பலமுறை கொண்டுவரப்பட்டும் சட்டமாகவில்லை.

எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே கருத இடமுண்டு. அன்று கேட்கப்பட்ட எண் வண்டியைக் காப்பதற்கானதன்று. வண்டியில் இருப்பவரைக் கண்காணிப்பதற்கானது. இதன் விளைவு மட்டும் நெடுங்காலம் நீடித்தது.

பதிவெண் இல்லாத வாகனம்

1903-ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டப்படி 1904 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் ஒவ்வொரு காருக்கும் பதிவெண் கட்டாயமாயிற்று. எஞ்சின் இல்லாததால் கேரவன் இதில் சேரவில்லை. பின்னாளில் காரின் பின்னால் பூட்டப்பட்டபோது, முன்னே இழுக்கும் காரின் எண்ணையே தன் முதுகில் ஒட்டிக்கொண்டது. இன்றும் அங்கு விதி அதுவே. கேரவனுக்கெனத் தனிப் பதிவெண் கிடையாது.

இவ்விதியின் பொருளைத் திருடனின் பக்கம் நின்று பார்த்தால் தெளிவாகப் புரியும். திருடிய காரை ஓட்டுபவர் அந்தக் காரின் எண்ணோடுதான் சாலையில் போகவேண்டும். எண்ணை மாற்றினால் அது மேலும் ஒரு குற்றம். பிடிபடவும் ஒரு வழி. திருடிய கேரவனை இழுத்துச் செல்பவரோ அதன் பின்னால் தம் சொந்தக் காரின் எண்ணை மாட்டிவிட்டால் போதும். பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஜெர்மனியில் கேரவனுக்குத் தனிப் பதிவும் தனி எண்ணும் உண்டு. பிரான்சில் 500 கிலோவுக்கு மேற்பட்ட இழுவண்டிகளுக்கும், நெதர்லாந்தில் 750 கிலோவுக்கு மேற்பட்டவற்றுக்கும் அவ்வாறே. பிரிட்டன் மட்டும் இந்த வழியில் செல்லவில்லை.

1919-இல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த எக்கல்ஸ் நிறுவனம் காரில் பூட்டும் கேரவனை விற்பனைக்காகச் செய்யத் தொடங்கியது. அதன்பின் வண்டி இலகுவாயிற்று. இலகுவாக ஆக, எடுத்துச் செல்வதும் சுலபமாயிற்று. கேரவனின் அமைப்பே அப்படிப்பட்டது. காரின் பின்னால் ஒரு சிறிய இரும்புப் பந்து இருக்கும். ஐரோப்பாவில் அதன் விட்டம் பொதுவாக 50 மில்லிமீட்டர். கேரவனின் முன்முனையில் உள்ள கிண்ணம் போன்ற பகுதி அப்பந்தின் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். மின்கம்பியைச் செருகி, நான்கு மூலைகளில் ஊன்றிய கால்களை மேலே ஏற்றி, கைப்பிரேக்கை விடுவித்தால் புறப்படலாம். உரிமையாளருக்குச் சில நிமிட வேலை. திருடனுக்கும் அதே சில நிமிடம்தான். சாவி என்ற ஒன்றே தேவையில்லை. எவருடைய காரும் எவருடைய கேரவனையும் இழுக்கும் என்பதே இந்த வண்டியின் பெருமை. அதன் பலவீனமும் அதுவே.

பூட்டுகளின் காலம்

இணைப்பு முனையை மூடிப் பூட்டும் இரும்புக் கூடு, சக்கரத்தைச் சுற்றிக் கவ்வும் பூட்டு, மூலைக்கால்களைக் கீழிறங்கிய நிலையிலேயே நிறுத்தும் பூட்டு ஆகியவை இந்தக் குறையை ஈடுசெய்ய வந்தவை. இவற்றுள் சக்கரப் பூட்டு வலுவானது. இணைப்பு முனையின் பூட்டை உடைக்க முடியாவிட்டால் சங்கிலி கட்டி இழுக்கலாம். சக்கரமே சுழலாவிட்டால் அதுவும் நடக்காது. வெளிப்புறமாகக் கவ்வும் சக்கரப் பூட்டில் டயரின் காற்றை இறக்கி நழுவவிடும் வழி ஒன்று இருந்தது. சக்கரத்தின் துளை வழியே சென்று அச்சோடு சேர்ந்த ஏற்பியில் திருகிக்கொள்ளும் பூட்டு வந்தபின் அந்த வழியும் அடைபட்டது. பயணத்தின் நடுவே சாலையோர உணவகத்தில் அரைமணி நேரம் நிற்பவர்கள் இந்தக் கனமான பூட்டை மாட்டுவதில்லை. இரவுக்கு மட்டும் மாட்டுகிறார்கள். பகல் திருடன் அந்த அரைமணி நேரத்தைத்தான் பார்த்திருப்பான்.

கடையில் விற்கும் பூட்டுகளுள் எது நல்லது என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? 1992-இல் பிரிட்டனின் இரண்டு மாவட்டக் காவல்துறைகளின் முயற்சியால் ‘சோல்ட் செக்யூர்’ என்ற சோதனை அமைப்பு உருவானது. பயிற்சி பெற்றவர்கள் திருடன் கையில் இருக்கக்கூடிய கருவிகளைக் கொண்டு பூட்டை உடைத்துப் பார்ப்பார்கள். தாக்குப்பிடிக்கும் நேரத்தைப் பொறுத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் எனத் தரம் கிடைக்கும். வைரத் தரம் பின்னாளில் வந்தது. உடையாத பூட்டு என்று எதையும் அவர்கள் சான்றளிப்பதில்லை. எவ்வளவு நேரம் தாங்கும் என்பதே அளவுகோல். காப்பீட்டு நிறுவனங்கள் இத்தரங்களை ஒப்பந்த நிபந்தனையாக்கின. பூட்டு மாட்டாத நேரத்தில் களவு போனால் இழப்பீடு கிடைக்காமலும் போகலாம்.

ஒருவர் பூட்டு மாட்டுவது அடுத்தவருக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி இங்கு எழுகிறது. இதற்குக் கார்களின் வரலாற்றில் விடை உண்டு. மேற்கு ஜெர்மனி 1960-களின் தொடக்கத்தில் ஸ்டீயரிங் பூட்டைக் கட்டாயமாக்கியபோது, புதிய கார், பழைய கார் எல்லாவற்றுக்குமே அதை விதித்தது. கார்த் திருட்டு வெகுவாகக் குறைந்தது, குறைந்தபடியே நின்றது. பிரிட்டன் 1971-இல் புதிய கார்களுக்கு மட்டும் விதித்தது. புதிய கார்கள் தப்பின. திருடர்கள் பூட்டில்லாத பழைய கார்களின் பக்கம் போனார்கள். இந்த ஒப்பீட்டைப் பிரிட்டன் உள்துறையின் ஆய்வாளர்கள் 1976-இல் வெளியிட்ட அறிக்கை விரிவாக எடுத்துக்காட்டியது. குற்றத்துக்குக் காரணம் குற்றவாளியின் மனம் மட்டுமன்று, வாய்ப்பும்கூட என்ற கருத்து குற்றவியலில் வேரூன்ற அவ்வறிக்கை உதவியது. முகாமில் வரிசையாக நிற்கும் கேரவன்களில் ஒன்றுக்கு மட்டும் மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று சக்கரப் பூட்டு மாட்டியிருந்தால், திருடன் அடுத்த வண்டிக்கு நகர்வான். கண்ணுக்குத் தெரியும் பூட்டு தன் வண்டியை மட்டுமே காக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத கருவி வேறு மாதிரி வேலை செய்கிறது. 1986-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ‘லோஜாக்’ என்ற கருவி விற்பனைக்கு வந்தது. வண்டிக்குள் எங்கோ ஒளித்து வைக்கப்படும் சிறு வானொலிக் கருவி அது. வண்டி களவு போனதும் அது உயிர்பெற்றுக் காவல்துறைக்குச் சமிக்ஞை அனுப்பும். எந்த வண்டியில் அது இருக்கிறது என்று வெளியிலிருந்து எவராலும் சொல்ல முடியாது. இயன் ஏர்ஸ், ஸ்டீவன் லெவிட் என்ற இரு பேராசிரியர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, இக்கருவி பரவிய நகரங்களில் கருவி பொருத்தாத கார்களின் திருட்டும் சேர்ந்தே குறைந்ததைக் காட்டியது. எதில் இருக்குமோ என்ற அச்சமே காரணம். இதே தொழில்நுட்பம் 1993-இல் பிரிட்டனுக்கு வந்து பின்னர்க் கேரவன்களிலும் இடம்பிடித்தது. இப்போது செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவிகள் மலிவாகிவிட்டன. அவை வானத்தைப் பார்க்கவேண்டும். இரும்புக் கொட்டகைக்குள் வண்டியை அடைத்துவிட்டால் தடுமாறும். பழைய வானொலி முறைக்கு அந்தத் தொல்லை குறைவு. எதுவாயினும் கருவிக்கு மின்சாரம் வேண்டும். குளிர்காலம் முழுவதும் நிறுத்தி வைத்த கேரவனின் பேட்டரி இறங்கிப்போனால் கருவியும் பயனற்றதாகிவிடும்.

1992: விரும்பிப் பெற்ற எண்

பூட்டு உடைந்து வண்டி போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். பல மாதம் கழித்து நூறு மைலுக்கு அப்பால் ஒரு கேரவனைக் காவலர் காண்கிறார். அது உங்களுடையது என்று எப்படி நிறுவுவது? ஒரே நிறுவனம் ஒரே ஆண்டில் செய்த வண்டிகள் எல்லாம் ஒரே அச்சு. பதிவேடு ஏதும் இல்லை. அரசிடம் கேட்டுப் பயனில்லை.

கேரவன் செய்யும் நிறுவனங்களின் கூட்டமைப்பான தேசிய கேரவன் கழகம் 1992-இல் ‘கிரிஸ்’ என்ற பதிவுத் திட்டத்தைத் தொடங்கியது. அதுமுதல் அந்நிறுவனங்கள் செய்யும் ஒவ்வொரு கேரவனுக்கும் 17 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி வழங்கப்பட்டது. அது சேசிஸில் பொறிக்கப்பட்டது. எல்லா ஜன்னல்களிலும் செதுக்கப்பட்டது. ஜன்னல் முழுவதையும் மாற்றி விற்பது திருடனுக்குக் கட்டுப்படியாகாது என்பதே கணக்கு. பின்னாளில் வண்டியின் உடலுக்குள் மின்னணுச் சில்லுகள் மறைக்கப்பட்டன. 2016-இல் வந்த ‘வின் சிப்’ முறையில் கையில் பிடித்த கருவியால் சில்லின் எண்ணைப் படிக்க முடியும். பழைய கேரவன் வாங்குபவர் கிரிஸிடம் கட்டணம் செலுத்தி, வண்டி களவு போனதா, கடனில் உள்ளதா, விபத்தில் கழிக்கப்பட்டதா என்று அறிந்துகொள்ளலாம். இது முக்கியமான வசதி. திருட்டுப் பொருளை அறியாமல் விலை கொடுத்து வாங்கினாலும் அது வாங்கியவருக்குச் சொந்தமாகாது என்பது இங்கிலாந்துச் சட்டத்தின் பழைய விதி. உண்மை உரிமையாளரிடமோ, அவருக்கு இழப்பீடு தந்த காப்பீட்டு நிறுவனத்திடமோ வண்டியைக் கொடுத்துவிட்டு நிற்கவேண்டியதுதான்.

1889-இல் சங்கம் வைத்து எதிர்க்கப்பட்ட எண், சுமார் நூறாண்டுக்குப்பின் கேரவன் வாங்குவோர் கேட்டுப் பெறும் ஒன்றாக மாறியது. மாறியவை இரண்டு. முதலாவது, பதிவேடு அரசு ஆய்வாளர் கையில் இல்லை. தொழில் அமைப்பின் கையில் இருக்கிறது. இரண்டாவது, எண் இப்போது மனிதரைத் தொடர்வதற்கு முன் பொருளைத் தொடர்கிறது. ஆனால் குறை ஒன்று உண்டு. கட்டாயம் இல்லாததால், கைமாறிய வண்டியைப் புதிய உரிமையாளர் தம் பெயருக்கு மாற்றாமல் விட்டுவிடலாம். பதிவேட்டில் பழைய பெயரே நிற்கும்.

ஜன்னலும் கதவும்: மோட்டார்ஹோமின் இரவுகள்

மோட்டார்ஹோமுக்குப் பதிவெண் சிக்கல் இல்லை. எஞ்சின் இருப்பதால் காருக்குரிய எண்ணும் சாவியும் அதற்கு உண்டு. 1950-இல் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் தன் புகழ்பெற்ற வேனைத் தயாரிக்கத் தொடங்கியது. மறு ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் பொருத்தும் படுக்கைப் பெட்டியை விற்றது. அன்றுமுதல் மோட்டார்ஹோம் பெரும்பாலும் வேறொரு வேலைக்குச் செய்யப்பட்ட சரக்கு வேனின் மேல் கட்டப்படுவது. இன்றைய ஐரோப்பிய மோட்டார்ஹோம்களில் பெரும்பகுதி ஃபியட் டுகாட்டோ வேனின் மேல் எழுந்தவை. கூரியர்க்காரர் ஓட்டும் வேனும் குடும்பம் உறங்கும் வண்டியும் ஒரே கதவு, ஒரே பூட்டு. சரக்கு வேனின் கதவைத் திறக்கக் கற்ற திருடனுக்கு இதைத் தனியாகக் கற்கவேண்டியதில்லை. 1998 அக்டோபர் முதல் பிரிட்டனில் புதிய கார்களுக்குக் கட்டாயமான இம்மொபிலைசர், சரியான சாவி இன்றி எஞ்சினைக் கிளப்பவிடாது. வண்டியை ஓட்டிச் செல்வதை அது கடினமாக்கிற்று. உள்ளே நுழைவதை அது தடுக்காது.

வீட்டுப் பகுதியின் ஜன்னல்கள் கண்ணாடி அல்ல. எடை குறைக்க அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டு, சிறு கொக்கிகளால் மூடப்படுபவை. ஆகவே பழகிய பயணிகள் தாமே சில வழிகளைக் கண்டார்கள். இரவில் ஓட்டுநர் பக்கத்துக் கதவுக் கைப்பிடியையும் எதிர்ப்பக்கத்துக் கைப்பிடியையும் ஒரு வார்ப்பட்டையால் இழுத்துக் கட்டினால் பூட்டைத் திறந்தாலும் கதவு திறக்காது. வீட்டுப் பகுதியின் கதவில் கூடுதல் தாழ் ஒன்றும், தரையோடு திருகிய சிறு இரும்புப் பெட்டியும் பலரிடம் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது இடத்தேர்வு. பிரான்சிலும் ஸ்பெயினிலும் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் இரவு உறங்கவேண்டாம் என்பது அவ்வழி போவோர் ஒருவருக்கொருவர் சொல்லும் முதல் அறிவுரை. நெடுஞ்சாலைத் திருடனுக்கு விடிவதற்குள் நூறு கிலோமீட்டர் போய்விட வழி இருக்கிறது. வந்து நிற்பவரும் மறுநாள் வேறு நாட்டில் இருப்பார். புகார் கொடுத்துவிட்டுத் திரும்பத் திரும்ப வந்து கேட்கமாட்டார். பகலில் வேறு தந்திரம். “உங்கள் டயரில் காற்று இல்லை” என்று கைகாட்டி நிறுத்தச் செய்து, ஒருவன் பின்சக்கரத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்க, இன்னொருவன் முன்கதவு வழியே பையை எடுத்துவிடுவான்.

இந்த அச்சங்களின் நடுவே வளர்ந்த ஒரு கதையையும் குறிப்பிடவேண்டும். திருடர்கள் காற்றுத்துளை வழியே மயக்க வாயுவைச் செலுத்தி, உள்ளே உறங்குவோரை மயக்கிவிட்டுத் திருடுகிறார்கள் என்பது ஐரோப்பியக் கேரவன் பயணிகளிடையே பல ஆண்டுகளாக உலவும் நம்பிக்கை. காலையில் தலைவலியோடு எழுந்தோம், பொருளைக் காணோம், ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று பலர் சொல்வார்கள். வாயுவைக் கண்டறியும் அலாரங்களும் விற்பனைக்கு உள்ளன. பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர்களின் ராயல் கல்லூரி இதை வெளிப்படையாக மறுத்திருக்கிறது. ஈதர், குளோரோஃபார்ம் போன்றவற்றை ஜன்னல் வழியே செலுத்தி, உறங்குபவர் அறியாமல் அவரை மயங்கச் செய்ய இயலாது என்பது அதன் நிலைப்பாடு. ஈதரின் கடுநெடியே எழுப்பிவிடும். ஒரு வண்டியை நிரப்பத் தேவைப்படும் அளவும் மிக அதிகம். அளவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2002-ஆம் ஆண்டு மாஸ்கோ நாடக அரங்க நிகழ்வு சான்று. அரசுப் படையே செலுத்திய மயக்க வாயுவால் அங்கு நூற்றுக்கும் மேற்பட்ட பிணையாளிகள் இறந்தனர். நீண்ட தூரம் ஓட்டிக் களைத்தவர் ஆழ்ந்து உறங்கியிருப்பார் என்பது எளிய விளக்கம். ஆனால் ‘என் பக்கத்தில் வந்து எடுத்துப் போனான், நான் விழிக்கவில்லை’ என்று ஒப்புவதைவிட வாயுவின் மேல் பழி போடுவது மனத்துக்கு ஆறுதல். எரிவாயு அடுப்பு கசிவதையும் கரியமில மோனாக்சைடையும் காட்டும் அலாரம் மட்டும் எல்லா வண்டியிலும் இருக்கவேண்டியது. அதற்கும் திருடனுக்கும் தொடர்பில்லை.

இரவில் தனியே நிற்பது ஆபத்து என்பதால் பலர் மீண்டும் மதிலுக்குள் வந்தார்கள். 1907-இல் தொடங்கிய பிரிட்டிஷ் கேரவன் கிளப்பின் முகாம்கள் இன்று வாயில் தடுப்பும் பொறுப்பாளரும் கொண்டவை. வருபவர் பெயரும் வண்டியும் பதிவேட்டில் ஏறும். பயணம் முடிந்து மாதக்கணக்கில் வண்டியை நிறுத்திவைக்கும் இடங்களுக்கும் தனிச் சங்கம் உண்டு. வேலி, கேமரா, வாயில் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பொறுத்து அது இடங்களுக்குத் தரம் வழங்குகிறது. நல்ல தரமுள்ள இடத்தில் நிறுத்தினால் காப்பீட்டுக் கட்டணம் குறைவதும் உண்டு.

இந்தியாவில்

இந்தியாவில் நிலைமை இரு வகையில் வேறு. மோட்டார் வாகனச் சட்டப்படி இங்கு இழுவண்டிக்கும் தனிப் பதிவு வேண்டும். எனவே பிரிட்டனில் உள்ள இடைவெளி இங்கு இல்லை. அடுத்து, இங்கு சுற்றுலாவுக்கு வந்திருப்பவை பெரும்பாலும் ஓட்டுநரோடு வாடகைக்குக் கிடைக்கும் மோட்டார்ஹோம்கள். வண்டியைப் பற்றிய கவலை பயணியைவிட நிறுவனத்துக்கே அதிகம். கேரள அரசு 2021-இல் ‘கேரவன் கேரளா’ என்ற கொள்கையை அறிவித்தபோது, வண்டிகள் இரவு தங்கும் பூங்காக்களுக்கும் விதிகளை வகுத்தது. குறைந்தது 50 சென்ட் நிலம் வேண்டும். நிலத்தைச் சுற்றி மதில் வேண்டும்; காவலர் ரோந்தும் கண்காணிப்புக் கேமராவும் இருக்கவேண்டும்; உள்ளூர் அதிகாரிகளோடு பூங்கா தொடர்பில் இருக்கவேண்டும் என்று அக்கொள்கை சொல்கிறது.